ஞானஸ்நானம் பெற்ற பிறகும் வீடு ஏன் நம்ப மறுக்கிறது?

வாசகர் கேள்வி: எனக்கு 42 வயது. பதினோரு ஆண்டுகள் குடிக்கு அடிமையாக இருந்தேன். அந்தக் காலத்தில் மனைவியை இரண்டு முறை அடித்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் அவருடைய நகைகளை விற்றிருக்கிறேன். தம்பியின் கையெழுத்தை நானே போட்டு ஒரு கடன் வாங்கினேன். அதை இப்போது அவர்தான் கட்டி வருகிறார். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்டேன், பிறகு ஞானஸ்நானமும் பெற்றேன். தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகளோடு தன் அக்கா வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி திரும்பி வர மறுக்கிறார். "கடவுளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள், அவர் கொடுத்துவிட்டார். என்னிடம் எப்போது கேட்டீர்கள்?" என்கிறார். 51ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டி, பாவம் தேவனுக்கு விரோதமாகச் செய்யப்படுவதே என்று விளக்கினேன்; பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எங்கள் போதகர் அவரிடம் பேசினால் மனம் மாறுவாரா? அடுத்த மாதம் சபையில் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். "அன்று விட்டவன், இன்றுவரை தொடவில்லை" என்று சொல்வேன் என எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு குடித்துவிட்டேன். அது யாருக்கும் தெரியாது. அப்படியானால் என் மனமாற்றமே பொய்யா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை சறுக்கியதால் உங்கள் மனமாற்றம் பொய்யாகிவிடவில்லை. நடந்ததை நடந்தபடியே, மறைத்ததையும் சேர்த்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதத் துணிந்திருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒளித்து வாழ்ந்த மனிதர் இப்படி எழுதுவது தானாக நடந்துவிடுவதில்லை. குடிநோயாளிகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் பணிபுரியும் ஆலோசகராகவும், நீங்கள் பற்றிக்கொண்ட அதே விசுவாசத்தில் வாழ்பவளாகவும் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் பெற்ற மன்னிப்பைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்த மன்னிப்பை உங்கள் மனைவியின் முன் ஒரு தீர்ப்பு நகலைப் போல நீட்டுகிறீர்கள். என் கவலை அதைப் பற்றியது.

51ஆம் சங்கீதத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அவர் எழுந்து போனது அந்த இடத்தில்தான். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற வரியை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள். அந்தச் சங்கீதத்தின் தலைப்பே அது எப்போது பாடப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது: தாவீது பத்சேபாளிடத்தில் பிரவேசித்த பின்பு, நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்தபோது. அதற்குள் பத்சேபாளின் கணவன் உரியா இறந்துவிட்டான். போர் மும்முரமாக நடக்கும் முனையில் அவனை நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே தாவீது கொடுத்தனுப்பியிருந்தார். ஆகவே, தான் அநியாயம் செய்த மனிதனிடம் போய் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பைத் தாவீது தம் கையாலேயே அழித்துவிட்டுத்தான் அந்த ஜெபத்தைச் செய்கிறார். அந்த வரியில் நான் கேட்பது, போக வேறு இடமில்லாத ஒருவரின் அழுகை. உங்களுக்கு அந்த நிலை வரவில்லை. உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறார், உங்களோடு பேசுகிறார், என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். என்னிடம் எப்போது கேட்டீர்கள் என்று கேட்கும் ஒருவர் கதவை முழுவதுமாகச் சாத்திவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு வசனத்தைப் பதிலாகக் கொடுத்ததால்தான் அவர் எழுந்து போனார்.

மன்னிப்பைப் பற்றிய வேதபகுதிகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதும், ஏழெழுபது முறை என்று இயேசு பதில் சொன்னதும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. அங்கே கேள்வி கேட்பவர் காயம்பட்டவரின் இடத்தில் நின்று கேட்கிறார். பதிலும் அவருக்கே சொல்லப்படுகிறது. காயப்படுத்தியவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நீ என்னை மன்னித்தாக வேண்டும் என்று சொல்வதற்காக அது சொல்லப்படவில்லை. காயப்படுத்தியவருக்கான வார்த்தை அதே நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் தனியாக இருக்கிறது: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. வழிபாடே காத்திருக்கலாம் என்கிறார் இயேசு. உங்களுக்கு எழுதப்பட்டது இந்தப் பகுதி. உங்கள் மனைவிக்கு எழுதப்பட்டதை அவர் தேவனோடு பேசித் தம்முடைய நேரத்தில் வாசித்துக்கொள்வார். அதை அவருக்கு வாசித்துக் காட்டும் உரிமை, எல்லா மனிதரையும் விட உங்களுக்குத்தான் மிகவும் குறைவு.

இதனால்தான் போதகரை அனுப்ப வேண்டாம் என்கிறேன். உங்கள் போதகர் நல்லவராக இருக்கலாம். ஆனால் இரண்டு முறை அடிபட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடம் தேடிப் போன ஒரு பெண்ணிடம், கணவரின் தரப்பிலிருந்து வரும் ஒரு போதகர் "திரும்பி வா" என்று சொன்னால், கணவருடைய கோரிக்கையோடு தேவனுடைய பெயரும் சேர்ந்து வந்து அழுத்துவதாகவே அவருக்குத் தோன்றும். மறுத்தால் தேவனையே மறுத்தவளாகிவிடுவேனோ என்ற அச்சத்தில் ஒருவர் திரும்பி வந்தால், அதை ஒப்புரவு என்று சொல்ல என்னால் முடியாது. உங்கள் மனைவி பிரிந்து இருப்பது உங்கள் விசுவாசத்திற்கு வந்த சோதனை என்று சபையில் யாராவது சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடித்த கை எப்போது மீண்டும் ஓங்கும் என்று தெரியாத நிலையில், தன்னையும் மகளையும் காத்துக்கொள்ள அவர் எடுத்த நியாயமான முடிவு அது. அடித்ததைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். "குடியில் அடித்துவிட்டேன்" என்ற சொற்றொடரை உங்கள் பேச்சிலிருந்து நீக்கிவிடுங்கள். குடி கட்டுப்பாட்டைத் தளர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் மனைவியை அடிக்கலாம் என்ற எண்ணத்தைப் பாட்டில் கொண்டுவருவதில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை, குடும்ப வன்முறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். குடி நின்றதும் இதுவும் தானாக நின்றுவிடும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

அவரிடம் எப்படிக் கேட்பது என்று நீங்கள் யோசிக்கலாம். பேச விரும்புகிறாரா என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும், உடன் யார் இருக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பேசும்போது, செய்தவற்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: இந்த நாளில் அடித்தேன், இந்த நகையை விற்றேன், இதை மறைக்க இந்தப் பொய்யைச் சொன்னேன். "ஏதாவது தவறு செய்திருந்தால்" என்று தொடங்கும் மன்னிப்பு, கேட்பவரை மீண்டும் ஒரு முறை அவமதிக்கிறது. உங்கள் அனுபவத்தைப் பற்றியும், நீங்கள் எவ்வளவு மாறிவிட்டீர்கள் என்பதைப் பற்றியும் அன்று பேச வேண்டாம். அவர் கோபப்பட்டால் முழுவதும் கேளுங்கள். அவர் சொல்வதில் ஒரு நாள் தவறாக இருந்தாலும் திருத்தாதீர்கள். கடைசியாக, "மன்னிக்கிறாயா?" என்று கேட்காமல் எழுந்து வாருங்கள். இது கடினமாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி ஒரு பதிலை வற்புறுத்துகிறது. எதையும் வற்புறுத்தாத ஒரு சந்திப்பை உங்களிடமிருந்து அவர் இதுவரை பெற்றிருக்கமாட்டார்.

நகைகளைப் பற்றி அடுத்ததாகச் சொல்கிறேன். எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்கு, தலைவனாயிருந்த சகேயுவின் கதை (லூக்கா 19) ஞாயிறு பள்ளியில் அவர் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியதோடு முடிந்துவிடுகிறது. மனந்திரும்புதல் என்றால் என்ன என்பது அவர் மரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் வருகிறது. இயேசு அவரிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றார், அவ்வளவுதான். சகேயு தாமாகவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிச் செலுத்துகிறேன் என்கிறார். அந்த நாலத்தனை எங்கிருந்து வந்தது? மோசேயின் நியாயப்பிரமாணத்தில், தான் செய்த குற்றத்தை அறிக்கையிட்டு ஈடு செய்பவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ விட்டவனுக்குத்தான், ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடு என்று யாத்திராகமம் 22 விதிக்கிறது. தாமாக ஒப்புக்கொள்பவருக்கு உரிய இலகுவான கணக்கு இருந்தும், திருடனுக்கு உரிய கணக்கைச் சகேயு தமக்குத் தாமே எழுதிக்கொள்கிறார். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதைக் கேட்ட பிறகுதான். பணத்தைக் கொடுத்து அவர் இரட்சிப்பை வாங்கினார் என்று யாரும் படிக்கக் கூடாது. இயேசு அவர் வீட்டுக்குள் வந்தது கிருபையால்தான். ஆனால் உள்ளே வந்த கிருபை அவருடைய பணப்பெட்டிவரை போனது என்பதைச் சொல்லாமல் விடவும் கூடாது.

நீங்கள் விற்ற நகைகளின் பட்டியலை எழுதுங்கள். எடையும், இன்றைய மதிப்பும். உங்கள் வருமானத்தில் மாதந்தோறும் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு, அதை மனைவியின் பெயரில் உள்ள கணக்கில் தவறாமல் போடுங்கள். மகளின் பராமரிப்புச் செலவு இதில் சேராது, அது தனிக் கடமை. சபைக்குக் காணிக்கை கொடுப்பதற்கு முன் இது போகட்டும். முன்பு சொன்ன மத்தேயு ஐந்தாம் அதிகார வசனம் அதற்கு இடம் தருகிறது என்றே நான் நம்புகிறேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் இது நிற்கக் கூடாது. வருவார் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கப்படும் பணம் விரைவில் மனக்கசப்பாக மாறும்: இத்தனை மாதம் கொடுத்தும் என்ன பயன் என்ற கேள்வி உள்ளே எழும், அந்தக் கேள்வியோடு பழைய தாகமும் எழும். இதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் கையெழுத்து விஷயம் இன்னும் கனமானது; ஏனென்றால் அது குடும்பக் குற்றம் மட்டுமல்ல, சட்டப்படியும் குற்றம். அவர் கட்டும் தவணையை இந்த மாதத்திலிருந்தே நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது. ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, கடன் கொடுத்த நிறுவனத்திடம் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பியையும் கலந்து பேசுங்கள். நீங்கள் எடுக்கும் முடிவு அவரையும் சிக்கலில் மாட்டக்கூடும். தேவன் மன்னித்த பிறகு சட்டம் எதற்கு என்ற எண்ணம் வந்தால், அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த சார்லஸ் கோல்சனை நினைத்துக்கொள்ளுங்கள். நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்ததையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய வாட்டர்கேட் விவகாரம் வெடித்திருந்த 1973இல் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். தண்டனையிலிருந்து தப்பச் செய்யும் நாடகம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1974இல் அவர் நீதிக்கு இடையூறு செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போய், ஏறத்தாழ ஏழு மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின், 1976இல், கைதிகளிடையே பணிபுரியும் ஓர் ஊழியத்தைத் தொடங்கி வாழ்நாள் முழுவதும் அதில் இருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் மனமாற்றத்தைப் பற்றி மட்டும் அவர் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் கைதிகளில் ஒருவராவது அவரை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதங்கள் ஆகியும் ஏன் நம்பவில்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். எட்டு மாதங்கள் உங்களுக்கு மிக நீண்ட காலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. குடியில்லாத ஒவ்வொரு நாளும் ஒரு போராட்டம். ஆனால் பதினோரு ஆண்டுகள் "இதுதான் கடைசி" என்று கேட்டுக்கேட்டு ஏமாந்தவருக்கு எட்டு மாதம் என்பது, முன்பு பார்த்த இடைவெளிகளில் சற்றே நீண்ட ஒன்றாக மட்டும் தெரியலாம். திருச்சபையின் முதல் தலைமுறைகூட இந்த விஷயத்தில் அவசரப்படவில்லை. தமஸ்குவுக்குப் போகும் வழியில் கர்த்தரைக் கண்ட சவுல் (பவுல் என்பவரும் இவரே), பிறகு எருசலேமுக்கு வந்து சீஷரோடு சேர முயன்றபோது, அவன் சீஷனென்று நம்பாமல் எல்லோரும் அவனுக்குப் பயந்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. மனந்திரும்பி மூன்று ஆண்டுகள் ஆன பிறகே எருசலேமுக்குப் போனதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். அப்படிப் பயந்தவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று அந்த நூல் கண்டிக்கவில்லை. வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் சிறைக்கு இழுத்துப் போனவர் அவர். அந்த வீட்டாருக்கு அவரைப் பார்த்துப் பயம் வருவது இயல்பு. பர்னபா என்ற ஒருவர் முன்வந்து, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், நடந்ததை எடுத்துச் சொன்னார். நம்பும்படி பவுல் யாரையும் கட்டாயப்படுத்தியதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

மனமாற்றம் ஒரே நாளில் முழுமையாகிவிடும் என்ற எண்ணத்தைச் சபைகளில் கேட்கும் சாட்சிகள் நமக்குள் விதைத்துவிடுகின்றன. ஜான் நியூட்டனின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: அடிமை வியாபாரக் கப்பல்களில் இருந்தவர், புயலில் மனந்திரும்பினார், "அமேசிங் கிரேஸ்" என்ற பாடலை எழுதினார். இந்த மூன்று வரிகளுக்கு இடையில் என்ன இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. புயல் வந்தது 1748 மார்ச் மாதத்தில். அந்தப் பயணத்தில் தேவனை நோக்கிக் கூப்பிட்ட நியூட்டன், அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகவே பயணம் செய்தார். கீழ்த்தளத்தில் மனிதர்களைச் சங்கிலியில் பூட்டி வைத்துவிட்டு, மேல்தளத்தில் வேதம் வாசித்து ஜெபித்தார். 1754இல் கடலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். 1764இல் குருவானார், அந்தப் பாடல் 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் தம் பெயரோடு வெளிப்படையாக எழுதியது 1788இல், புயலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. அந்தச் சிறுநூலில், தாம் ஒரு காலத்தில் அந்தத் தொழிலில் கருவியாக இருந்ததை எண்ணி எப்போதும் தலைகுனிய வேண்டியிருப்பதை ஒப்புக்கொண்டு, இந்த அறிக்கை மிகவும் தாமதமானது என்றும் எழுதினார். பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் சொன்னார். அந்த வியாபாரத்தைத் தடை செய்த சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தாமதத்தின் விலையைக் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். புயலில் அவர் பெற்ற அனுபவம் உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது அவர் மனசாட்சியின் எல்லா அறைகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரவில்லை. உங்களுக்கும் அப்படித்தான். குடியை நிறுத்திய உங்கள் விசுவாசம், தம்பியின் கடனை எட்டு மாதங்களாக எட்டிப் பார்க்கவில்லை; மனைவியின் கேள்விக்குள் இன்னும் நுழையவில்லை. 1517இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார் என்கிறது. நீங்கள் தோற்றுவிட்டதாக இதற்குப் பொருளில்லை, பாதி வழியில் நிற்கிறீர்கள் என்பதே பொருள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். நீங்கள் குடித்தது ஓர் இரவு. அதை மறைத்து வாழ்ந்தது இரண்டு மாதங்கள். குடித்ததைவிட மறைத்ததே எனக்குக் கூடுதலாக அச்சம் தருகிறது. விட்ட பழக்கத்துக்கே திரும்பும் மீள்வீழ்ச்சியைப் பற்றி நிறைய ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: முழுவதும் விட்டுவிட்டேன் என்று உறுதிகொண்ட ஒருவர் ஒரு முறை தவறினால், அந்த ஒரு தவறைவிட, "எல்லாம் போய்விட்டது, நான் இப்படிப்பட்டவன்தான்" என்ற குற்ற உணர்வும் நம்பிக்கையிழப்புமே அவரை மீண்டும் முழுக்குடிக்குள் தள்ளுகின்றன. விசுவாசத்தினால் குடியை விட்டவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சறுக்கியது கால் மட்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, இரட்சிப்பே கையைவிட்டுப் போனதாகத் தோன்றுகிறது. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டத்தில் மனந்திரும்பிய பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன், பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஆயராகிவிட்ட பிறகு தம் வாழ்வை எழுதியபோது, இன்னும் தம்மை விடாத சோதனைகளையும் அதில் பதிவு செய்தார். வெற்றிக்கதையோடு நிறுத்திக்கொண்டு, தம் மக்களின் மதிப்பை அவர் எளிதாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

மருத்துவரையோ குடியிலிருந்து மீள்பவர்களின் கூடுகைகளையோ நாடியதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி நாடுவது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதை விட்டுவிடுங்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் உருவான, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, அந்நாளில் இயங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கிளைத்தது. குற்றத்தை ஒருவரிடம் அறிக்கையிடுவதும் ஈடு செய்வதும் அங்கிருந்து வந்த பழக்கங்களே. அதன் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நேரடியாக ஈடு செய்யச் சொல்கிறது. அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ தீங்காக முடியும் இடங்களில் வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் சேர்க்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கு அல்-அனான், வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற குழுக்களும் உள்ளன. உங்கள் மகளுக்கு அது உதவும் என்று தோன்றினால், தகவலை அவருடைய தாயிடம் கொடுத்துவிட்டு, முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள். குடிவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. உங்களுக்கு அவை பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்வார். இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்தான நடுக்கமும் மனக்குழப்பமும் ஏற்படலாம். நீங்கள் பாதுகாப்பாகக் கடந்து வந்தது நல்லது. ஆனால் ஜெபித்துவிட்டு அன்றே நிறுத்தச் சொல்லி வேறொருவருக்கு ஆலோசனை கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள், அங்கேயே உட்கார்ந்து ஜெபியுங்கள்.

அந்த இரவைப் பற்றி இந்த வாரத்திலேயே, உங்களைக் கண்டிக்கவும் தாங்கவும் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதற்கு இதுதான் நடைமுறை. மனைவியிடமும் சொல்லத்தான் வேண்டும், அவர் பேச ஒப்புக்கொள்ளும் அந்தச் சந்திப்பில், மற்றவற்றோடு சேர்த்து. அவர் மனம் உடையக்கூடும். திரும்பி வரும் எண்ணம் இருந்திருந்தால் அதைத் தள்ளிப்போடவும் கூடும். ஆனால் யாரும் கண்டுபிடிக்காத ஒன்றை, நீங்கள் கண்டுபிடிக்கப்படும் முன்பே, உங்கள் வாயால் அவர் கேட்பது இந்தப் பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக இருக்கும்.

அடுத்த மாதச் சாட்சியை ஒத்திவைக்கச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள். காரணத்தையும் அவரிடம் சொல்லுங்கள். சபை எதிர்பார்க்கும் அந்த வாக்கியத்தை மேடையில் நின்று சொன்னால், அது பொய். உங்கள் மனைவியின் காயத்தையும் மகளின் வெட்கத்தையும் அவர்களுடைய அனுமதியின்றி உங்கள் கதையின் பகுதியாக்கினால், அது இன்னொரு அநியாயம்; நகைகளைக் கேட்காமல் எடுத்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஒரு நாள் நீங்கள் பேசலாம். அதற்குமுன் பேசப்போகும் வார்த்தைகளை எழுதி மனைவியிடம் கொடுங்கள். அவர் நீக்கச் சொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள். பேசவே வேண்டாம் என்று அவர் சொன்னால் பேசாதிருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயர் அறிவிக்கப்படாமல் போகும்போது யாராவது காரணம் கேட்பார்கள். வீட்டில் முதலில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும்.